அண்ணனுக்கு ஒரு விசைப்பலகை

மார்ச் 3, செவ்வாய்

துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டை மொழிபெயர்த்து முடித்துக் கொடுத்தேன். மேலாளர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர். நான் திருத்திக் கொடுத்த வாக்கியங்களின் மேல் ஏறித்தான் அந்த நாற்காலிக்குப் போனார். நாற்காலி திருடன். இதையே எத்தனை வருடமாக எழுதுகிறேன், எழுதி என்ன ஆயிற்று.

மாலையில் அண்ணியின் போன். அழுதுகொண்டே சொன்னார். அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்களாம். அடுத்த வாரம்.

"அதுக்கப்புறம் அவரால பேசவே முடியாதாம் தம்பி. டேப்லெட்டுல தட்டினா அது சத்தமாப் படிக்குமாமே. அவருக்குத் தோதா ஒரு கீபோர்டு பார்த்துப் போட்டுக் குடுங்க. நீங்கதான் இதெல்லாம் படிச்சவரு."

படிச்சவரு! ஒன்பது வருடத்துக்கு முன் அப்பா போனபோது இந்தப் படித்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்று காலை எனக்கு வந்தது ஒரே ஒரு போன், அதுவும் ராங் நம்பர். பேசாமல் மூச்சு மட்டும் விட்டவனைத் திட்டிவிட்டு வைத்தேன்.

பார்க்கிறேன் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 5, வியாழன்

அண்ணன் செத்தாலும் போகமாட்டேன் என்று இதே போனில், இதே நாட்குறிப்பில் எத்தனை தடவை எழுதியிருப்பேன். (நோட்டில் எழுதினால் என் மனைவி, இவள், படித்துவிடுவாள். அதனால்தான் போன்.) இன்று அலுவலக நேரத்தில் அவனுக்காக விசைப்பலகை தேடிக்கொண்டிருந்தேன்.

நாலு செயலிகளை இறக்கினேன். ஒன்றில் ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வரும். இன்னொன்றில் எல்லா எழுத்தும் ஒரே பக்கத்தில், கடுகு கடுகாக. மூன்றாவதில் விரலால் எழுதிக் காட்ட வேண்டும். நாலாவது நான் வைத்திருப்பதே. பெரிய கட்டங்கள், அடிக்கும்போதே அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று மேலே மூன்று சொற்களை நீட்டும்.

இவள் எட்டிப் பார்த்தாள். "பேசாத மனுஷனுக்கு இவ்வளவு தேடுறீங்க?"

"நான்தான் பேசலை. அவன் ஊருக்கே கேக்கற மாதிரி பேசறவன்."

பதில் சொன்ன பிறகுதான் உறைத்தது. இனிமேல் பேசமாட்டான்.

மார்ச் 8, ஞாயிறு

போனேன்.

வாசலில் நின்று, "வாடா, வழி தெரிஞ்சுதா?" என்றான். அந்தக் குரல்! காய்கறிச் சந்தையில் காலை முழுக்க ஏலம் விடும் குரல். ஒரு தரம், ரெண்டு தரம் என்று அவன் இழுத்தால் கடைசி வரிசையில் நிற்பவன் கை தானாக மேலே போகும். இப்போது அது ஓட்டை விழுந்த பறை போல இருந்தது.

டேப்லெட்டை மேசையில் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஆங்கில எழுத்தைப் பார்த்ததும், "ஒரு வாய்த் தண்ணி கேக்க நான் இங்கிலீசு படிக்கணுமா?" என்றான். கடுகு எழுத்துப் பலகையில் அவன் ஒரு எழுத்தைத் தொட்டால் நாலு விழுந்தது. சின்ன வயதில் மூட்டை தூக்கித் தடித்த விரல்கள். பல நேரம் திரைக்கு அவன் தொட்டதே தெரியவில்லை. எழுதிக் காட்டுவதும் நடக்கவில்லை. அவன் கையெழுத்து எனக்கே புரியாது, அதற்கு எங்கே புரியும்.

"பேப்பர்ல எழுதிக் காட்டிட்டுப் போங்களேன்" என்றார் அண்ணி.

"எழுதினா எதிர்ல இருக்கறவன் படிக்கணும். சந்தையில எவன் நின்னு படிப்பான்? எனக்குச் சத்தம் வேணும்."

சத்தத்தைக் கேட்டுப் பார்த்தான். செய்தி வாசிக்கும் பெண்ணைப் போல ஒரு குரல். "இந்தம்மா தக்காளி வித்த மாதிரிதான்" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, அண்ணி முதுகைத் தடவி, நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்று—

ஒன்றும் கேட்கவில்லை நான். அப்பாவைப் பற்றி.

மார்ச் 10, செவ்வாய்

நாளைக் காலையில் அறுவை சிகிச்சை. ஏன்டா எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டால், அவன் வாயாலேயே பதில் வரக்கூடிய கடைசி நாள் இன்று. ஆஸ்பத்திரி மாடிப்படி வரை போனேன். மேலே நிறையச் சொந்தக்காரர்கள், எல்லோரிடமும் கரகரத்துக்கொண்டே இருந்தான், கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

மடையன் நான். இல்லை, அவன்தான். அவனாகச் சொல்லியிருக்க வேண்டியதுதானே?

மார்ச் 11, புதன்

எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லையாம்.

மார்ச் 16, திங்கள்

டேப்லெட்டைத் தொடமாட்டேன் என்கிறான். கழுத்தில் துளை, மூக்கில் குழாய், சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறான். பேச்சுப் பயிற்சி தரும் பெண் வந்து கெஞ்சினாள். கண்ணை மூடிக்கொண்டான். அண்ணி வராந்தாவுக்கு வந்து, "உயிர் இருந்தும் ஆள் இல்லை தம்பி. மருந்து வேண்டாம்னு கையைத் தட்டி விடறாரு. ஏதாச்சும் பண்ணுங்க" என்றார்.

நான் என்ன பண்ணுவேன்? வெந்நீர்க் கொதிகலனுக்குக் கையேடு எழுதுகிறவன். "படத்தில் காட்டியபடி திருகவும்." எதைத் திருக?

பெரிய கட்டங்கள் உள்ள பலகையையே முடிவு செய்தேன். அவனுக்கென்று கணக்கு இல்லாததால் என் கணக்கிலேயே போட்டேன். 'உங்களிடம் கற்ற சொற்களை இந்தக் கருவியுடனும் பகிரலாமா?' என்று கேட்டது. சரி என்று தட்டினேன். இரண்டு பக்கமும் பகிருமாம். அவன் குறைவாகத் தட்டினால் போதும், என் தமிழ் அவனுக்கு முன்னால் வந்து நிற்கும். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மார்ச் 19, வியாழன்

எழுத முடியவில்லை.

மார்ச் 20, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று அண்ணி டேப்லெட்டை அவன் மடியில் வைத்து, "தம்பி மெனக்கெட்டுப் பண்ணியிருக்காரு, ஒரே ஒரு வார்த்தை தட்டுங்க" என்றார். என்னைப் பார்த்தான். தட்டத் தொடங்கினான். நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் என்று அடித்தான். 'அண்ணன் சொல்றேன் கேளு' என்பது அவன் வழக்கம், எதைச் சொன்னாலும் அப்படித்தான் ஆரம்பிப்பான்.

மேலே மூன்று சொற்கள் வந்தன. துரோகி. முகத்தில். செத்தாலும்.

என் தமிழ்! ஒன்பது வருடத்து நாட்குறிப்பு.

அவன் விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு 'செத்தாலும்' என்பதைத் தொட்டான். அடுத்து 'போகமாட்டேன்' வந்தது. அதையும் தொட்டான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினான்.

"அண்ணன் செத்தாலும் போகமாட்டேன்." செய்தி வாசிப்பது போல, தெளிவாக, வார்டு முழுக்கக் கேட்கும்படி.

அண்ணி என்னைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர் பார்த்தார். நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடி வந்துவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

வெளியே போகவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை. இவள் கேட்டாள், சொன்னேன். "மனசுல இருந்ததுதானே வெளிய வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவளுக்கும் நான் வேண்டாதவன்.

'கற்ற சொற்கள் அனைத்தையும் அழி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அங்கேயும் அழிந்துவிடும். அழித்து? கேட்டது கேட்டதுதானே. குரல் போன மனுஷனின் வாயில் முதல் வாக்கியமாக அதைத் திணித்திருக்கிறேன். எந்தப் பகையாளி செய்வான் இதை?

அவன் மருந்தை மறுபடி தட்டி விட்டால்? இதனாலேயே செத்துப்போனால்? நான் போகமாட்டேன் என்று ஊரறியச் சொல்லியும் ஆகிவிட்டது.

மார்ச் 24, செவ்வாய்

தாங்க முடியாமல் அண்ணிக்குப் போன் பண்ணினேன். "அண்ணி, அந்தக் கீபோர்டை எடுத்துடறேன். வேற போட்டுத் தரேன். டேப்லெட்டை மட்டும் யார்கிட்டயாவது குடுத்து அனுப்புங்க."

"அவரு குடுக்கணுமே! மடியை விட்டு எறக்கறதில்லை. நாள் பூரா தட்டிக்கிட்டேதான் இருக்காரு."

"கோவமா இருக்கானா?"

"தெரியலை. உங்க வார்த்தையாவே வருதாமே, ஒண்ணைத் தொட்டு இன்னொண்ணைத் தொட்டுப் பார்க்கறாரு. நேத்து 'மேலாளர்'னு ஒண்ணு வந்துது. தொட்டாரு. 'நாற்காலி திருடன்'னு வந்துதா, சிரிச்சாரு தம்பி. சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கிச்சு. அப்புறமா மருந்து குடுத்தேன், பேசாம வாங்கிக்கிட்டாரு."

பேசாம, என்றதும் அவரே நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 27, வெள்ளி

என் போனுக்கு என்னவோ ஆகிவிட்டது. அலுவலகத்தில் 'நாளை' என்று அடித்தால் 'வலி' என்கிறது. 'தண்ணீர்' என்று தொடங்கினால் 'வேண்டாம் போ' என்று நீட்டுகிறது. பிறகுதான் விளங்கியது. அவன் அங்கே அடிப்பது இங்கே வருகிறது. இரண்டு பக்கமும் பகிரும் என்று சொன்னதே.

அலுவலகம் விட்டதும் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா என்று அடித்தேன். வேறு எதையோ எழுதத்தான். மேலே 'போனப்ப' என்று வந்தது. நான் அப்படி எழுதுகிறவன் இல்லை. 'போனபோது' என்றுதான் எழுதுவேன்.

தொட்டேன். எனக்கு. தொட்டேன். குரலே. தொட்டேன். வரல.

அப்பா போனப்ப எனக்கு குரலே வரல.

ஒருமுறை அடித்தால் பலகை இப்படிக் கோர்த்து நீட்டாது. எத்தனை தடவை அடித்தானோ, அடித்து அழித்தானோ. அழித்தால் திரையிலிருந்துதான் போகும், பலகை மறக்காது.

அந்த ராங் நம்பர்.

இரண்டு பேருந்துகள் போய்விட்டன.

மார்ச் 28, சனி

போனேன்.

அண்ணி நாற்காலியை நகர்த்திப் போட்டார். அண்ணன் டேப்லெட்டை எடுத்து வெகுநேரம் தட்டினான். ஒலிபெருக்கியை அழுத்தினான்.

"ஏன்டா எருமை, இப்படி இளைச்சுப் போயிட்ட?"

செய்தி வாசிக்கும் அதே குரல். வசவு மட்டும் அவனுடையது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. அப்பாவைப் பற்றி அவனும் அடிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது அவன் கையைப் பிடித்தேன். அவன்தான் விடவில்லை என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 13, திங்கள்

அவனுக்கென்று தனிக் கணக்கு போட்டுக் கொடுக்கலாமே என்றாள் இவள். பார்க்கலாம் என்றேன். போடுவதாக இல்லை.

காலையில் மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். கையேடு முடிக்க இன்னும் ஒரு நாள் வேண்டும். 'ஒரு' வரை அடித்ததும் பலகை நீட்டியதை அவசரத்தில் தட்டிக்கொண்டே போய்விட்டேன் போலிருக்கிறது. 'இன்னும் ஒரு தரம் ரெண்டு தரம்' என்று போய்ச் சேர்ந்திருக்கிறது.

'என்ன சார், ஏலமா?' என்று கேட்டிருந்தார்.

ஆமாம், அண்ணன் பயிற்சி எடுக்கிறான் என்று பதில் போட்டேன்.