ஜெபக் குறிப்பில் என் பெயர்

நவம்பர் 3, திங்கள்

கேப்சர் கார்டு வந்துவிட்டது. தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது. பைக்குக்கு டயர் மாற்றுவதைத் தள்ளிப்போட்டுத்தான் இதை வாங்கினேன். போனிலிருந்து ஒரு ஒயர் இதற்குள் போகிறது, இதிலிருந்து இன்னொன்று லேப்டாப்புக்கு. நான் போனில் விளையாடுவது அப்படியே பெரிய திரையில் ஓடும், அங்கிருந்து நேரலை. இனிமேல் படம் திக்காது, போன் தோசைக்கல்லாகச் சுடாது. என் 'நெல்லை ஷிபின் கேமிங்' சேனல் இனிமேலாவது தலையெடுக்கிறதா பார்ப்போம்.

ஒன்றை மறக்கக் கூடாது. போன் திரையில் எது வந்தாலும் இனி ஊருக்கே தெரியும். ஆரம்பிக்கும் முன் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' பொத்தானை அழுத்திவிட வேண்டும். முக்கியமாகச் சனிக்கிழமை. அன்று சாயங்காலம்தான் அப்பாத்துரை அண்ணாச்சி எங்கள் சபையின் வாட்ஸப் குழுவில் ஜெபக் குறிப்புகளைப் போடுவார். யாருக்கு ஆபரேஷன், யாருக்கு வரன் அமையவில்லை, யார் வீட்டில் சண்டை — பட்டியல் நீளும். அடுத்தவர் மூட்டுவலியெல்லாம் என் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே ஓட வேண்டாம்.

நவம்பர் 4, செவ்வாய்

படம் கண்ணாடி மாதிரி. ஆனால் லேப்டாப் மைக் அறையில் இருக்கிற சத்தத்தையெல்லாம் இழுக்கும் என்பது நினைவில்லை. என் மனைவி கெசியா பின்னால் கட்டிலில் உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள். யூகேஜி டீச்சர். ஆட்டத்தில் ஒருவன் கதவுக்குப் பின்னால் பதுங்கினான். இவள் அங்கிருந்தே, "ஏலே, ஒளிஞ்சது சரி, காலு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு பாரு" என்றாள். பிள்ளைகளை அதட்டுகிற அதே குரல். அதுவும் நேரலையில் போய்விட்டது.

ஒரே சிரிப்பு. யாருண்ணே அந்த அக்கா என்று கேள்விமேல் கேள்வி. இரண்டு வருஷமாக விளையாடுகிறேன், இத்தனை பேர் சிரித்துப் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். சிரித்தேன்தானே?

நவம்பர் 10, திங்கள்

கெசியா சபைக் கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். தனியாக விளையாடி முதலிடம் வந்தேன். வந்த கேள்வி ஒன்றுதான்: "அக்கா எங்கே?"

நவம்பர் 13, வியாழன்

போனையே அக்கா கையில் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன். வேறென்ன செய்ய?

அவள் கையிலிருக்கிற போனை விட்டுவிட்டு லேப்டாப்பைப் பார்த்தே விளையாடினாள். கார்டு வழியாக வரும் படம் ஒரு இமைப்பொழுது பிந்தித்தான் வரும். அதைப் பார்த்துச் சுட்டால் அதற்குள் எதிராளி சுட்டு முடித்திருப்பான். விளையாடுகிறவர் போனைத்தான் பார்க்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

செத்துச் செத்து விழுந்தாள். விழும்போதெல்லாம் சுட்டவனைப் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னாள். கூட்டம் கூடிக்கொண்டே போனது. தோற்றாலும் இவள்தான் ஜெயிக்கிறாள். கடைசியில் பார்த்துக்கொண்டிருந்த யாரோ, "போனைப் பாருங்கக்கா" என்று எழுதினான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

அலுவலகத்தில் பக்கத்து மேசை அம்மார் வந்து நின்றான். அவன் மனைவி தஸ்மியா கெசியாவின் நேரலையை ஒருநாளும் விடுவதில்லையாம். "மதினி பேச்சு பேச்சுதான் வே. நீரும் அங்கனதான் இருப்பீரோ?"

அங்கனதான் இருப்பேனா! என் சேனல் வே அது. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

வயிறு எரிகிறது. எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதாவிட்டால் வேறு எங்கே போய்ச் சொல்ல? கட்டின பெண்டாட்டி மேல் பொறாமைப்படுகிறவன் உலகத்தில் உண்டா? உண்டு. பெருமாள்புரத்தில் ஒருத்தன் இருக்கிறான்.

நவம்பர் 24, திங்கள்

கெசியாவின் ஊர் ஏரல். அங்கே பையன்கள் கிறிஸ்துமஸ் லீவில் மண்டபம் பிடித்து மொபைல் கேம் போட்டி நடத்துகிறார்களாம். ஒரு ஆட்டம் ஆடிக் காட்டவும், மீதிக்கு மைக் பிடித்துப் பேசவும் அவள் வேண்டுமாம். செய்தி எனக்குத்தான் வந்தது. "அண்ணே, அக்காவக் கூட்டிட்டு வருவீங்களா?" டிரைவர் வேலை எனக்கு.

சண்டை. என் கார்டு, என் போன், என் சேனல், நீ ஓசியில் பேர் வாங்குகிறாய் என்றேன். அந்த 'ஓசி'யைச் சொல்லியிருக்கக் கூடாது. அடுக்களையில் அம்மா குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. அம்மாவின் காது இங்கேதான் இருந்திருக்கிறது.

நவம்பர் 29, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

சாயங்காலம் அவள் விளையாட உட்கார்ந்தாள். வழக்கமாக 'தொந்தரவு செய்ய வேண்டாம்' பொத்தானை அழுத்திப் போனை நான்தான் கொடுப்பேன். இன்று அழுத்தவில்லை. வேண்டுமென்றேதான். லோன் வேண்டுமா என்று கேட்டு இந்நேரம் யாராவது என்னை அழைப்பார்கள். ஆட்டத்தின் நடுவே மணி அடித்து அவள் தடுமாறட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். இன்று சனிக்கிழமை என்பதே மண்டையில் இல்லை.

அழைப்பு எதுவும் வரவில்லை. அப்பாத்துரை அண்ணாச்சியின் பட்டியல் வந்தது. திரையின் தலைமாட்டில், கொட்டை எழுத்தில், முதல் குறிப்பே நான்:

"சகோ. ஷிபினுக்குத் தன் மனைவி மேல் உள்ள பொறாமை நீங்க ஜெபித்துக்கொள்ளவும்."

கெசியா விரலால் தள்ளிவிட்டாள். போனில் உடனே போய்விட்டது. லேப்டாப்பில் அந்த இமைப்பொழுது நின்றுவிட்டுத்தான் போனது.

ஒருவன் "ஆமென்" என்று எழுதினான். அப்புறம் மழைதான். ஆமென், ஆமென், ஆமென். மேலப்பாளையத்துப் பையன் ஒருவன் "ஆமீன்" போட்டான். என் சேனலில் இவ்வளவு ஒற்றுமையை நான் கண்டதில்லை.

"சிரிக்காதியலே. எங்க வீட்டு ஆளு ஒயரு சொருகித் தரலன்னா எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கெசியா நேரலையை அணைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் போய்க் கத்தினேன். ஏன் கொடுத்தாய், என் மானத்தை ஏன் வாங்கினாய் என்று. அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"பொய்யா குடுத்தேன்? இருக்கதத்தானலே குடுத்தேன்."

நவம்பர் 30, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். "ஜெபிக்கோம் தம்பி." மூட்டுவலிக்காரரும் கொடுத்தார்.

டிசம்பர் 3, புதன்

கெசியா போனைத் தொடுவதே இல்லை. நீங்களே விளையாடுங்கள் என்கிறாள். விளையாடினேன், ஜெயித்தேன். பின்னால் கட்டில் காலியாகக் கிடந்தது. நோட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னறைக்குப் போய்விட்டாள்.

பாதியில் அணைத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்றேன். தெரியும் என்றாள். பொத்தானை அழுத்தாததையும் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது. சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க அந்தப் போனுக்குள்ளயே தலைய விட்டுக்கிட்டு இருந்தீய. உள்ள என்ன நடக்குன்னு எனக்கு என்ன தெரியும்? அந்தக் கார்டு வந்த பொறவுதான் நீங்க பாக்கத நானும் பாத்தேன். அதான் பேசுனேன். அவனுவகிட்டயா பேசுனேன்?"

முதல் நாள் கதவுக்குப் பின்னால் காலை நீட்டிக்கொண்டிருந்தவனை அவள் காட்டிக்கொடுத்தது எனக்காக. பேசினது என்னோடு. மைக்கை அணைக்காதவனும் நான்தான். அதை வைத்து ஒரு மாதம் வயிறெரிந்திருக்கிறேனே — என்ன ஜென்மம் நான்?

டிசம்பர் 6, சனி

பட்டியலில் இன்றும் இருக்கிறேன். காரியம் நடந்துவிட்டது என்று வீட்டில் சொன்னால்தான் பெயரை அங்கிருந்து எடுத்து, நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பகுதியில் போடுவார்களாம். அதுவரைக்கும் வாராவாரம் ஜெபம் உண்டு.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று கெசியா கட்டிலுக்கு வந்தாள். நோட்டுக்கட்டோடு.

டிசம்பர் 27, சனி. ஏரல்

கூட்டிவருகிறேன் என்று பையன்களுக்கு நானேதான் பதில் போட்டேன். மண்டபத்து வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். கெசியா அக்கா, ஆள் உயரத்துக்கு. என் பெயரைத் தேடினேன். சேனல் பெயர்கூட இல்லை. உள்ளே போனதும், "அக்கா வீட்டுக்காரர் வந்திருக்காவ, சேர் போடுங்கலே" என்றார்கள். பிளாஸ்டிக் சேர். உட்கார்ந்தேன்.

கார்டை லேப்டாப்பில் மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா அழைத்தாள். அப்பாத்துரை அண்ணாச்சி பட்டியல் போடுகிற நேரமாம்.

"என்னலே, ஒன் பேர ஸ்தோத்திரத்துல சேத்துரச் சொல்லவா?"

சன்னல் வழியாக அந்த ஃப்ளெக்ஸின் முதுகு தெரிந்தது. பின்பக்கத்திலிருந்தும் அவள் பெயரை இடவலம் மாறி வாசிக்க முடிந்தது.

"இன்னும் ஒரு வாரம் கெடக்கட்டும்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டு, ஒயரைச் சொருகி, 'தொந்தரவு செய்ய வேண்டாம்' பொத்தானை அழுத்தி, அவள் கையில் கொடுத்தேன். கையிலிருக்கிறதைப் பார்த்து விளையாடு என்று சொன்னேன்.