பெர்சியஸைக் காட்டப் போய்

ஜனவரி 11, ஞாயிறு

கோபத்தில் தூக்கம் வரவில்லை. சாயங்காலம் இந்த ஈஜிபுரா வாடகை வீட்டு மொட்டைமாடியில் நின்று, பெர்சியஸ் விண்மீன் குழுவில் சிதறிக் கிடக்கும் இளம் நட்சத்திரக் கூட்டத்தை பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு ஓனர் மேலே வந்தார்.

"என்னம்மா, எதிர் வீட்டு ஜன்னலைப் பாக்கறியாமே? அவங்க கம்ப்ளெயின்ட் பண்றாங்க."

"இல்ல அங்கிள், நட்சத்திரம். எல்லாம் ஒண்ணாப் பொறந்தது. நீங்களே பாருங்க."

வாங்கியவர் ஒரு நொடி வானத்தைப் பார்த்தார். பிறகு பைனாகுலரை மெதுவாக எதிர் வீட்டுப் பக்கம் இறக்கினார்.

"அடேங்கப்பா, சமையல்கட்டு வரைக்கும் தெரியுதே!"

கை நீட்டிக் கேட்டும் தரவில்லை. ஆசை தீரப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். "இனிமே மாடிக்கு வராத" என்று கதவைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டார்.

வாயைத் திறக்காமல் இறங்கி வந்தேனே, அதுதான் எரிகிறது. விடிந்ததும் எதிர் வீட்டு அக்காவிடம் போய், பார்த்தது யார் என்று சொல்லிவிட்டுத்தான் ஆபீஸுக்குக் கிளம்புவேன்.