கெட்டுப்போன இரண்டு படங்கள்

மோன் தீவு,
திங்கட்கிழமை, காலை ஏழு மணி.

அன்புள்ள ஹென்னிங் அவர்களுக்கு,

நலம் விசாரித்து எழுதுகிற நிலையில் நான் இல்லை, மன்னியுங்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் லோனே காரை எடுக்கிறாள். அதற்குள் இதை எழுதி அவள் கையில் கொடுத்தாக வேண்டும். நேராக ஓடென்ஸ் வந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவாள். விடியற்காலையிலிருந்து உங்கள் போனுக்கு இருபது தடவை அடித்துப் பார்த்துவிட்டேன். படம் பிடித்துவிட்டு வீடு திரும்பினால் இரண்டு மூன்று நாள் போனை அணைத்துப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரே கதியென்று உட்கார்ந்துவிடுவீர்கள் என்று நம் நட்சத்திரக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து உங்களை அதிகம் கேலி செய்தவளும் நான்தான். இன்றைக்கு அந்தப் பழக்கம் என் உயிரை வாங்குகிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தோர்கிலை, என் புருஷனைக் காணவில்லை. சனிக்கிழமை ராத்திரி நாம் எல்லோரும் தொலைநோக்கிகளை வைத்துக்கொண்டு நின்றோமே, அந்தப் புல்வெளியிலிருந்தே காணாமல் போய்விட்டார். இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் போய்விட்டன. ஹென்னிங், உங்கள் காமிராவில் கெட்டுப்போன அந்த இரண்டு படங்களை அழித்துவிடாதீர்கள். ஏற்கெனவே அழித்திருந்தால் அந்த மெமரி கார்டில் வேறு எதையும் பிடிக்காதீர்கள், திரும்ப மீட்கலாம் என்கிறார்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். இதற்கு மேல் படிக்க நேரமில்லையென்றால் இங்கேயே நிறுத்திவிட்டு அந்தப் படங்களைத் தேடுங்கள்.

நீங்கள் பத்து மணிக்கெல்லாம் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டதால் பிறகு நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பத்தரைக்குத்தான் நான் காருக்குப் போனேன். தோர்கில் அங்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார் என்றே நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் அப்படித்தான் செய்வார். போய்ப் பார்த்தால் கார்க் கதவு பாதி திறந்து கிடக்கிறது. காப்பி பிளாஸ்க் முன் சீட்டிலேயே இருக்கிறது. ஆள் இல்லை. முன்பெட்டியில் வைத்திருக்கும் நெற்றி விளக்கும் இல்லை.

உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களிடம் மட்டுமில்லை, குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. தோர்கிலுக்கு மறதி நோய். ஏப்ரலில் டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். சர்க்கரை ஆலையில் முப்பது வருடம் எந்த இயந்திரம் எந்தச் சத்தம் போட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு பழுதைச் சொன்ன மனுஷன், ஜூலையில் எங்கள் வீட்டுக் குளியலறையைத் தேடி மாடியிலும் கீழேயுமாக அலைந்தார். யாருக்கும் சொல்லாதே, என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள் என்று கெஞ்சினார். சரி என்றேன். என்னுடைய வறட்டு கௌரவமும் அதில் இருந்தது, பொய் சொல்வானேன். சொல்லித் தொலைத்திருந்தால் சனிக்கிழமை அன்று யாராவது ஒருவர் அவர் பின்னாலேயே போயிருப்பீர்கள்.

அன்றைக்கு என்ன ஆனது தெரியுமா? ஒரே நட்சத்திரத்தைக் காட்டி, “இங்கெலிஸ், அது என்னது?” என்று மூன்று தடவை கேட்டார். தலைக்கு நேர் மேலே, சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடுகிற நட்சத்திரம். பக்கத்தில் புதிதாக வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. “போப்பா, போய் அந்தக் காப்பி பிளாஸ்க்கையாவது எடுத்துட்டு வா” என்று விரட்டினேன். காப்பி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அவரைக் கொஞ்ச நேரம் அப்பால் அனுப்பத்தான் சொன்னேன்.

அந்த நெற்றி விளக்கு எல்லோரும் வைத்திருக்கிற வகைதான். ஒரு முறை அழுத்தினால் வெள்ளை, இரண்டாவது முறை அழுத்தினால், இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காத சிவப்பு. நம் ஆட்கள் துணிக்குள் வைத்து மூடிக்கொண்டு முதல் அழுத்தை அழுத்துவார்கள். அந்தப் பழக்கத்தை நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே தோர்கில்தான். வாசல் கம்பத்தில் “வெள்ளை விளக்கு கூடாது” என்று பலகை எழுதி மாட்டியதும் அவர்தான். அதெல்லாம் அவருக்கு அன்று மறந்துவிட்டது.

ஒன்பதே காலுக்குத் திடீரென்று வெள்ளை வெளிச்சம் அடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் லைட்டு, லைட்டு என்று கத்தினோம். “ரெண்டு படம் போச்சு, வீட்டுக்குப் போய்த் தொலைங்கடா” என்று நீங்கள் கத்தினீர்கள். உல்ரிக் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். எல்லோரையும் மிஞ்சிக் கத்தியது யார் தெரியுமா? நான். “யார்றா அது? லைட்ட அணைச்சுத் தொலைடா, மடையா!” என்றேன். பக்கத்தில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பக்கமிருந்து “மன்னிச்சுக்குங்க” என்று மெதுவாக ஒரு குரல் வந்தது. வெளிச்சம் அணைந்துவிட்டது. முப்பத்தெட்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன் ஹென்னிங், அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. யாரோ புது ஆள் என்று நினைத்து மறுபடியும் தொலைநோக்கியில் கண்ணை வைத்துவிட்டேன்.

போலீஸ், ஊர்க்காவல் படை, நாய்கள் எல்லாம் வந்துவிட்டன. எல்லோரும் கடற்கரைப் பக்கமே தேடுகிறார்கள். வெளிச்சம் கடல் பக்கம் போனதாக உல்ரிக் அடித்துச் சொல்கிறான். லோனே கார் நிறுத்துமிடத்தைக் காட்டுகிறாள். எனக்கு நாணல் பக்கம் போலத் தோன்றியது, ஆனால் சத்தியம் செய்ய முடியவில்லை. கண்ணுக்கு நேரே பளிச்சென்று அடித்துவிட்டு அணைந்தால் யாருக்குத்தான் திசை தெரியும்? பதினேழு பேர் நின்றிருந்தோம், பதினேழு பேரும் ஆளுக்கொரு பக்கம் காட்டுகிறோம். வாய்க்கால் எத்தனை, சேறு எத்தனை என்று உங்களுக்கே தெரியும். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தேட ஆள் இல்லை.

நேற்றிரவு பூரா என் சமையலறையில் ஆட்கள். யாரோ ரொட்டியும் ஈரல் மசியலும் கொண்டுவந்து வைத்தார்கள், அது அப்படியே காய்ந்து கிடக்கிறது. காலை ஐந்து மணிக்கு உல்ரிக் பேச்சுவாக்கில், பாவம் ஹென்னிங், அந்த வெளிச்சத்தால் அவனுக்கு வேறு இரண்டு படம் நாசம் என்றான். கையிலிருந்த கோப்பையைக் கீழே போட்டுவிட்டேன். நீங்கள் அன்று அகன்ற லென்ஸைப் போட்டு, தெற்கே பால்வீதியும் நாணல்காடும் ஒன்றாகத் தெரிய, அரை நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் காமிரா முக்காலியில் நட்ட இடத்தைவிட்டு அசையவில்லை. அது யாரையும் பார்த்துக் கத்தவுமில்லை. அவர் எந்தப் பக்கம் போனார் என்று அதற்குத் தெரியும்.

கெட்ட படங்களை நீங்கள் படம் எடுக்கிறவர்கள் என்ன செய்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். வீடு போனதும் முதல் வேலையாகக் குப்பையில் தள்ளுவீர்கள். தயவுசெய்து ஹென்னிங், குப்பையைக் கிளறுங்கள். அந்த இரண்டும், அதற்குப் பிறகு எடுத்த இருபது முப்பது படங்களும் வேண்டும். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. போலீஸ் கேட்டால் நான் கத்தியதைத்தான் முதலில் சொல்வேன், சொல்லியும்விட்டேன். நேற்று இரவு எட்டு டிகிரி. அவர் மேல் ஒரு கம்பளிச் சட்டைதான். லோனே ஹாரன் அடிக்கிறாள்.

உங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு கெஞ்சும்,
இங்கெலிஸ்.



மருத்துவமனை,
புதன்கிழமை, பிற்பகல்.

அன்புள்ள ஹென்னிங் அவர்களுக்கு,

லோனே உங்கள் வாசலில் நின்ற அரை மணி நேரத்துக்குள் படங்களை அனுப்பிவிட்டீர்கள். இந்த உதவியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். தோர்கில் கிடைத்துவிட்டார். உயிரோடு கிடைத்துவிட்டார். திங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு, நாணல்காட்டுக்கு அந்தப் பக்கம், பழைய நீரேற்றுக் கொட்டகைக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தார். நாங்கள் தேடிய கடற்கரைக்கு நேர் எதிர்ப்பக்கம். இன்னொரு இரவு தாங்கியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார்.

நீங்கள் அனுப்பியவற்றைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. முதல் இரண்டு படத்தில் வெள்ளைக் கோடு. மூன்றாவதில் ஒன்றுமில்லை, இருட்டு. துணிக்குள் மூடி மறுபடி அழுத்தியிருக்கிறார் போலிருக்கிறது, நாலாவதிலிருந்து நாணல் மேல் லேசான ஒரு சிவப்பு, படத்துக்குப் படம் தள்ளித் தள்ளிப் போகிறது. நோயாளி வழி தவறிவிட்டார் என்று போலீஸ்காரி எழுதிக்கொண்டாள். ஆனால் நீங்களும் படத்தைப் பார்த்தீர்களே. விளக்கு அவர் நெற்றியில் இருக்கிறது. நம் பக்கம் திரும்பியிருந்தால் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்திருக்கும். ஒரு படத்திலும் புள்ளி இல்லை. நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டே போயிருக்கிறார். எந்த நட்சத்திரம் என்ன பேர் என்று மறந்த மனுஷனுக்கு, மற்றவர்கள் காமிராவில் தன் வெளிச்சம் விழக் கூடாது என்பது மட்டும் மறக்கவில்லை. கத்திய இடத்தைவிட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போயிருக்கிறார்.

நீங்கள் உங்கள் கடிதத்தில் உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை, உங்களுக்கும் நேரமில்லை. இப்போது இன்னொரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்; போனில் கேட்க வாய் வரவில்லை, இதையும் லோனேதான் கொண்டுவருகிறாள்.

சிறுநீரகம் தேறிவருகிறது. நெஞ்சுச் சளிதான் பயமுறுத்துகிறது. அதைவிட, அவர் தூங்க மாட்டேன் என்கிறார். திங்கள் இரவிலிருந்து அரை மணி நேரம் சேர்ந்தாற்போலக் கண் மூடவில்லை. வார்டு விளக்கைப் பார்த்ததும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறார். நர்ஸ் வந்தால், துப்புரவுக்கு ஆள் வந்தால், எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார். “ஹென்னிங்குக்கு ரெண்டு படம் போச்சு, என்னாலதான் போச்சு” என்கிறார். உங்கள் பெயர் ஒன்றுதான் தெளிவாக வருகிறது. தூங்க வைக்க மருந்தைக் கூட்டினால் மூச்சு நின்றுவிடும் என்கிறார் டாக்டர். இப்படியே இன்னும் இரண்டு நாள் போனால் இதயம் தாங்காது என்றும் சொல்லிவிட்டார்.

படமெல்லாம் நன்றாக வந்திருக்கிறது என்று நானே சொல்லிப் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். சொன்னேன். முதல் வார்த்தை வாயிலிருந்து வந்ததுமே அவர் இரண்டு கையாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டு, “அணைச்சுட்டேம்மா, அணைச்சுட்டேன், கத்தாதீங்க” என்றார். என்னை யாரென்று தெரியவில்லை. குரல் மட்டும் தெரிகிறது. அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் நான் வாயைத் திறக்கவே இல்லை. தண்ணீர் வேண்டுமா என்பதைக்கூடக் கை ஜாடையில் கேட்கிறேன். தூங்கும்போதாவது பேசலாமென்றால் தூங்குவதுமில்லை.

ஆகவே, ஹென்னிங், நீங்கள் வர வேண்டும். இதைப் படித்ததும் கிளம்புங்கள். அன்றைக்கு எடுத்ததில் நன்றாக வந்த ஒரு படத்தைப் பெரிதாகத் தாளில் அச்சடித்துக் கொண்டுவாருங்கள். அது சனிக்கிழமை எடுத்ததாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போன வருடத்துப் படமானாலும் அவருக்குத் தெரியாது. கட்டிலருகே உட்கார்ந்து ஒரு படமும் கெடவில்லை என்று சொல்லுங்கள். கத்தினார்களே என்று கேட்டால், யாரும் கத்தவில்லை என்று சொல்லுங்கள். பொய்தான். என் பொருட்டு அந்தப் பொய்யைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார், நீங்கள்தான் படக்காரர்.

அவர் நம்பிக் கண் மூடினாரென்றால், வெளியே வந்து எனக்கு ஒரு கை காட்டுங்கள். நான் உள்ளே வந்து உட்கார்ந்து, மெதுவாக, மிகவும் மெதுவாக, அவர் பெயரை ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன்.

சாலையில் கவனமாக வாருங்கள். நீங்கள் பத்திரமாக வந்து சேர வேண்டும்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும்,
இங்கெலிஸ்.