பிளாஸ்டிக் கூடாது என்று நான் சொன்னது

அச்சங்குளம்

அன்பு மகள் அழகுமீனாவுக்கு அப்பா பெத்தணன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த மலைக்குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் இந்த விஷயம் என் வாயில் வராது, அதனால் எழுதுகிறேன். மழை இல்லை, பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிறது. நம் கம்பெனியில் திரி வைக்கும் பொன்னுத்தங்கத்தை உனக்குத் தெரியும். போன மாதம் காய்ச்சலில் சுருண்டு விழுந்து சாத்தூர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தாள். மாதவிலக்கு நாட்களில் சரியாகக் காயாத பழைய துணியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மாற்றாமல் இருந்ததில் உள்ளே புண்ணாகிவிட்டதாம். வீட்டில் இருந்தால் நாப்கின், வேலைக்கு வந்தால் துணி. ஏன் அப்படி என்று உன் அம்மா கேட்டதற்கு அவள் சொன்னது இதுதான்: "அண்ணாச்சிதான தெனமும் வாசல்ல நின்னு சொல்லுதாக, நைலான், பிளாஸ்டிக்கு எதையும் உள்ள கொண்டுவரப்படாதுன்னு. நாப்கின்லயும் பிளாஸ்டிக்கு இருக்குல்ல."

போர்மேன் ஆன பதினோரு வருஷமாக அதைத்தான் சொல்கிறேன். உரசினால் பொறி கிளம்பும் என்று சேலையையும் பையையும் நினைத்துச் சொன்னேன். அறுபது பெண்களும் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள், ஒருத்தியும் என்னிடம் கேட்கவில்லை, எப்படிக் கேட்பார்கள். வெடிமருந்து அறைக்குள் நாப்கின் ஆகுமா ஆகாதா என்று எனக்கே தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் வாசலில் நின்று, இதை யோசிக்காமல் விட்டது என் தப்பு என்று சொன்னேன். பின்னால் இருந்து ஒருத்தி மட்டும், மாற்றுவதற்கு இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். மணல் வாளி எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன், இதை முதலாளியிடம் போய்க் கேட்டேன். சீசன் முடியட்டும் என்றார். காலி அட்டைப்பெட்டி போடும் ஷெட்டை நானே ஒழித்து உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்து, வாளியும் தண்ணீரும் வைத்துவிட்டேன். அவருக்குக் கோபம்தான், இருக்கட்டும்.

நீ வேலை பார்க்கும் அந்த மலையில் பெண்கள் அந்த நாட்களில் மாட்டுக்கொட்டகையில் படுக்கிறார்கள், துணியை வைக்கோலுக்குள் ஒளித்துக் காயவைக்கிறார்கள் என்று நீ சொன்னபோது, படித்த பிள்ளை ஊர் ஊராகப் போய் இதையா பேச வேண்டும் என்று சலித்துக்கொண்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே. அவர்களுக்குத் துணி நாப்கின் தைக்கக் கற்றுக்கொடுக்கிறாயே, முழுக்கப் பருத்தியில், அதன் அளவை ஒரு தாளில் வரைந்து மாதிரிக்கு இரண்டும் அனுப்பு. பருத்தி என்றால் எனக்குச் சந்தேகமில்லை. அம்மா தைக்கிறேன் என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இருக்கன்குடி மாரியம்மன் உனக்குத் துணை இருப்பாள். இன்னொன்று. நீ இங்கே இருந்தபோது உன் துணியை எங்கே காயப்போட்டாய் என்று நேற்று அம்மாவிடம் கேட்டேன். கொடியில் என் வேட்டிக்கு அடியிலாம், நான் வேட்டியை எடுக்க வருவதற்குள் ஈரத்தோடு உருவிக்கொண்டு ஓடுவாயாம். எனக்குத் தெரியாதம்மா. லீவில் வரும்போது வெயில் விழும் இடத்தில் தனியாகக் காயப்போடு, நான் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பெத்தணன்