நாலு வீட்டுக்கு ஒரே முகடு

கார்த்திகை 1, செவ்வாய்

விடியறதுக்கு முந்தியே தூறல். மூணாவது வீட்டு ஓட்டுல ஒழுகுதுன்னு அங்கே குடியிருக்கற ஃபிட்டர் ஆறுமுகம் வந்து சொன்னான். ஏணியை எடுத்துச் சாத்தினேன். ஏறலே. திரும்பக் கொண்டுபோய் வச்சுட்டேன்.

வள்ளி போய் அஞ்சு நாள். போன வியாழக்கிழமை மத்தியானம், விஷ ஜுரத்துல. எழுதறப்ப ஒண்ணும் தோணலே. கை பாட்டுக்கு எழுதுது.

செய்ய வேண்டியது: மில்லுக்கு லீவு நீட்டி எழுதிக் குடுக்கணும். மண்ணெண்ணெய். கிணத்து ராட்டைக்குப் புதுக் கயிறு. மச்சானுக்கு வெத்தலை.

மச்சான், வள்ளியோட அண்ணன், அன்னூர்லிருந்து வந்தவர் இங்கேயேதான் இருக்காரு. காலைல ஜோசியரைக் கூட்டிட்டு வந்தாரு. உசுரு போன நேரம் என்னன்னு ஜோசியர் கேட்டாரு. மில்லுல மூணு மணிச் சங்கு ஊதிக் கால் மணி நேரம் கழிச்சுன்னு சொன்னேன். பன்னெண்டு வருஷமா மில்லுல டைம்கீப்பர். நேரம் கேட்டா நேரத்தைச் சொல்லித்தான் பழக்கம்.

ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டினாரு. சங்கு ஊதற நேரத்தோட திருவோணம் முடிஞ்சுபோச்சாம். அப்புறம் அவிட்டம். அவிட்டத்துல போனா அடைப்பு. ஆறு மாசம் வீட்டைப் பூட்டி வாசல்ல முள்ளு வெட்டிப் போட்டுடணும், ஆள் குடியிருக்கக் கூடாது.

ஜோசியர் போன பொறவு மச்சான் என்னைக் கிணத்தடிக்குத் தள்ளிட்டுப் போனாரு.

"ஏனுங் மாப்ளே, சங்குக்கு முந்தின்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா என்னங்க? யாரு வந்து பாக்கப் போறா?"

அப்படிச் சொல்லலாம்னு அந்நேரம் புத்திக்கே வரலே. வேற எவனா இருந்தாலும் சொல்லியிருப்பான். மச்சானுக்கு என்மேல கடுங்கோபம். வெத்தலை வாங்க மறந்துட்டேன், அதுக்கும் சேர்த்து.

கார்த்திகை 2, புதன்

மழை விட்டது. ஈரத்துணி காயலே. கயிறு வாங்கியாச்சு.

நாலாவது வீட்டுல இருந்த ஈரோட்டுப் பசங்க ரெண்டு பேரும் இன்னிக்குக் காலி பண்ணிட்டாங்க. அண்ணன்காரன் என் மூஞ்சியைப் பாக்காமயே சாவியைக் குடுத்தான்.

இந்த வீடு வள்ளியோட யோசனை. உப்பிலிபாளையத்துல ஒண்டுக்குடித்தனம் இருந்த காலத்துலயே சொல்லிட்டிருப்பா. ஊரான் வீட்டுக்கு வாடகை அழுவறதுக்கு நாமே ஒரு லைன் வீடு வாங்கி ஒண்ணுல இருந்துக்கலாம், மூணை வாடகைக்கு விட்டா வீட்டுக் கடனை வீடே கட்டிப்போடும்னு. நான் சிரிச்சேன். பொம்பளைக் கணக்குன்னு கேலி பண்ணேன். அவ நகையைக் கழட்டி வச்சா. வேற வழியில்லாம நான் என் மானாவாரி நிலத்தை வித்தேன். மில்லுக்குப் பின்னாடி நாலு வீடு வரிசை. பாதிப் பணம் ரொக்கம், மீதியைப் பழைய சொந்தக்காரருக்கு மாசாமாசம் கட்டறது. ஒரு மாசம் தவறினதில்லே. அவ கணக்குதான் சரி.

குடி வெக்கறதும் அவதான் பாத்து வெப்பா. முதல் வீடு எங்களுக்கு. ரெண்டாவதுல ராமாத்தா. மில்லுல நூல் சுத்தற ரீலிங் வேலை. புருசன் கொழும்புக்குப் போனவன் திரும்பலே. தனிப் பொம்பளைக்கு இந்த ஊர்ல ஒருத்தரும் வீடு விடமாட்டாங்க, வள்ளி விட்டா. மூணாவதுல ஃபிட்டர் ஆறுமுகம், அவன் சம்சாரம். அந்தப் புள்ளைக்கு இது எட்டாம் மாசம்.

சாயந்திரம் ஆறுமுகம் வந்து துண்டைக் கையில எடுத்துக்கிட்டு நின்னான். நாலு வீட்டுக்கும் முகடு ஒண்ணுதானுங்க, நடுச்செவுரு ஓடு வரைக்கும் போகலீங்க, அடைப்புன்னா நாலுக்கும்தானுங்கன்னான். வயித்துப் புள்ளக்காரியை வச்சுக்கிட்டு இருக்க மாமியார் ஒத்துக்க மாட்டேங்கிறாங்களாம். ஞாயித்துக்கிழமை வண்டி சொல்லியிருக்கானாம்.

தப்புன்னு சொல்ல முடியலே. சரின்னேன்.

கார்த்திகை 4, வெள்ளி

வெயில். வேலைக்குப் போனேன். மேஸ்திரி தோளைத் தட்டினாரு. மத்தியானம் சோத்துப் போசியைத் திறக்கவே இல்லே, அப்படியே திரும்பக் கொண்டாந்து நாய்க்குப் போட்டேன்.

கொத்தனாரைக் கூட்டியாந்து காட்டினேன். நடுச்செவுரை முகடு வரைக்கும் ஏத்திட்டா என் வீடு தனி வீடாயிடுமான்னு கேட்டேன். செவுரு ஏத்தலாமுங்க, முகட்டு மரம் ஒண்ணுதானுங்களே, அதை அறுக்க முடியுமாங்கன்னான். முடியாது.

மரக்கடைக்காரர் வந்தாரு. துக்கம் கேட்டாரு. கேட்டுட்டு அண்ணாந்து ஓடுங்களை எண்ணினாரு. நாலு வீட்டையும் அப்படியே எடுத்துக்கறேன், மீதிக் கடனை நான் பாத்துக்கறேன், உங்க கைக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை சொன்னாரு. வாங்கின விலையில பாதி. அடைப்பு வீட்டை வேற யாருங்க வாங்குவான்னு இளிச்சாரு. திங்கக்கிழமை பதில் சொல்றேன்னேன். ஆறு மாசம் வாடகை இல்லாம என் சம்பளத்துல கடன் கட்ட முடியாது. வித்தா ராமாத்தா தெருவுலதான். வள்ளி சேர்த்ததுன்னு சொல்லிக்க இதைத் தவிர வேறெதுவும் இல்லே. இது தெரியுது. ஆனா யாரோ எவருக்கோ நடக்கற மாதிரி இருக்கு.

கிணத்தடியில பொம்பளைங்க பேச்சு: "அந்த மனுசன் ஒரு சொட்டுக் கண்ணீர் உடலியே அக்கா." "கல்லுங்கிறேன்." நான் உள்ளே இருக்கறது தெரியாது. சொன்னது வாஸ்தவம்தான்.

கார்த்திகை 6, ஞாயிறு

மூட்டம். ஆறுமுகம் சொன்ன வண்டி எட்டு மணிக்கே வந்து நின்னுது. ஆட்டாங்கல்லு, பாய், ரெண்டு டிரங்குப் பெட்டி ஏத்தியாச்சு. நான் சும்மா நின்னு பாத்தேன். ஆட்டாங்கல்லைத் தூக்க ஒரு கை குடுத்தேன்.

ராமாத்தா வெளியே வந்தா. வண்டிக்காரன், மச்சான், ஃபிட்டர் எல்லாரும் நிக்கறாங்க. என்னைப் பாத்துத்தான் பேசினா. மத்தவங்க பக்கம் திரும்பலே.

"ஏனுங்ணா, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இத்தனை நாள் இருந்துபோட்டேன். அன்னிக்கு எங்களுக்கு நூல் வல்லீன்னு மத்தியானமே அனுப்பிச்சுட்டாங்க. நான் உள்ளாரதான் படுத்திருந்தேன். சங்கு ஊதறதுக்கு முந்தியே அக்காவுக்கு மூச்சு நின்னுபோச்சுங்க. இழுத்துக்கிட்டு இருந்தது நின்னது செவுத்துக்கு மேல நல்லாக் கேட்டுது. நீங்க விசிறிக்கிட்டே இருந்தீங்க. பேசிக்கிட்டும் இருந்தீங்க. எந்திரிச்சு வந்து சொல்ல எனக்கு மனசு வல்லீங்க."

மச்சான் செருப்புக்கூடப் போடாம ஜோசியரைத் தேடி ஓடினாரு.

ஜோசியர் வந்து ராமாத்தாளை ரெண்டு கேள்வி கேட்டாரு. சங்குக்கு எம்புட்டு முந்தி? ஒரு உலை கொதிக்கற நேரமிருக்கும்னா. அப்பத் திருவோணம்தான், அடைப்பு இல்லேன்னு சொல்லிட்டாரு. ஆறுமுகம் ஆட்டாங்கல்லை இறக்கினான். அதுக்கும் நான் ஒரு கை குடுத்தேன். அவன் சம்சாரம் உள்ளே போய் அடுப்பு பத்த வச்சா. வண்டிக்காரனுக்குப் பாதிக் கூலி, நான் குடுத்தேன்.

மச்சான் சாயந்திர பஸ்ஸுக்கு அன்னூர் போயிட்டாரு. போறப்ப சிரிச்ச முகம்.

கார்த்திகை 7, திங்கள்

மழை இல்லே. மரக்கடைக்காரர்கிட்ட விக்கலேன்னு சொல்லிட்டேன். முணுமுணுத்துக்கிட்டே போனாரு. நாலாவது வீட்டைக் கேட்டுத் தொண்டாமுத்தூர்க்காரர் ஒருத்தர் வந்தாரு. புதன்கிழமை வரச் சொன்னேன். ஏணியில ஏறி மூணாவது வீட்டு ஓட்டை மாத்தினேன்.

ராமாத்தா சொன்னது நெசமா, எல்லாரும் பொழைக்கட்டும்னு சொன்ன பொய்யா, கேக்கலே. அவளுக்கும் வேற போக்கிடம் இல்லே. கேட்டா ஏதாச்சும் ஒண்ணு சொல்லிப்போடுவா. எனக்கு ரெண்டுமே வேண்டாம்.

ஓட்டுமேல உக்காந்திருந்தப்பத்தான் அந்த மத்தியானம் ஞாபகம் வந்துது. இறங்க முடியாம கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். ஆறுமுகம் கீழே நின்னு ஏணியைப் பிடிச்சுக்கிட்டான்.

வள்ளி போன அன்னிக்குச் சங்கு ஊதினப்புறம் அவகிட்டப் பின்னாடி இருக்கற காலியிடத்தைப் பத்திப் பேசிட்டிருந்தேன். அதையும் வாங்கிப் போட்டு இன்னும் ரெண்டு வீடு இறக்கலாமான்னு கேட்டேன். நான் எதைச் சொன்னாலும் ஒரு தடவை வேண்டாம்பா, அப்புறம்தான் சரிம்பா. அன்னிக்கு வேண்டாம்னு சொல்லலே. ஒத்துக்கிட்டான்னு நெனச்சு, எத்தனை அடிக்கு எத்தனை அடின்னு சொல்லிக்கிட்டே விசிறினேன்.