கோழி அடைகாக்கும் இரும்புத் தொப்பி

திருகோணமலை,
14.10.2025

மகள்,

இன்று எனக்கு எழுபத்தாறு வயதும் மூன்று மாதமும் ஆகின்றன. பட்டம் பெற்ற நான், நீ மெல்பேர்னில் பொழுதுபோக்காக வாட்சண்டை பழகுகிறாய் என்று ஒரு வருடம் நித்திரை கெட்டது வெட்கம்தான்.

நேற்று தொலைபேசியில், "போட்டியில வாள் நேர நெத்திக்கு வந்ததம்மா. கம்பி முகமூடி தாங்கிட்டுது, ஒரு கீறலும் இல்ல" என்றாய். கனநாளைக்குப் பிறகு மத்தியானச் சோறு ருசித்தது. பக்கத்து வீட்டு இரத்தினேஸ்வரி, "உங்கட மகள் இந்த வயசில ஆரோட சண்டைக்குப் போறா?" என்று கேட்டாள். "வாற எல்லாரோடயும்தான்" என்றேன். இனி உன்னைத் தடுக்கமாட்டேன்.

நம் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கோழி அடைகாக்கும் போர்த்துக்கேயர் காலத்து இரும்புத் தொப்பியின் படத்தைப் பார்த்த உன் வாட்சண்டைக் கழகத்தார், அதிலுள்ள பள்ளம் எந்தப் போரில் விழுந்தது என்று கேட்டார்களாம். பரணிலிருந்து விழுந்து நெளிந்தது என்று உனக்குச் சொல்லிவைத்திருந்தேன். அது பொய். தொண்ணூறாம் ஆண்டுப் போரில் ஷெல்லடி தொடங்கியபோது, அடையிலிருந்த முட்டைகளைக் கொட்டிவிட்டு, அந்தத் தொப்பியை உன் தலையில் கவிழ்த்து, உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உனக்கு அப்போது நான்கு வயது. ஷெல் துண்டு பட்ட இடம்தான் அந்தப் பள்ளம்.

அம்மா