ஆட்சேபணை இல்லை

வடக்குச்சேரி,
திருக்காட்டுப்பள்ளி வழி.
28-8-1986

அன்பு மகள் அம்சவல்லிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். விடுதிச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொண்டதா என்பதுதான் இங்கே என் கவலை. ஆற்றில் அரைகுறையாகத் தண்ணீர் வந்து, ஊரில் நாற்று விட்டிருக்கிறார்கள். அப்பா குத்தகைக்கு உழுத நிலத்தில் இந்த வருஷமும் பண்ணையார் சாரங்கபாணியின் ஆட்கள்தான் இறங்கியிருக்கிறார்கள். சத்துணவுக்கூடத்துக்கு வேலைக்குப் போகிற வழியில் தினமும் பார்க்கிறேன், வயிறு எரிகிறது.

உன் கடிதம் கிடைத்தது. வகுப்போடு திருச்சி ஜெயிலைப் பார்க்கப் போன இடத்தில் வீரையனைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். அப்பாவை அவன் வெட்டியபோது உனக்கு ஏழு வயது. அந்த முகம் உனக்கு மறக்கவில்லை. நீ எந்த ஊர் என்று அவன் கேட்டபோது திருவிடைமருதூர் என்று சொல்லித் தப்பித்தது நல்லதுதான். தலை நரைத்துத் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்ததும் பாவமாக இருந்தது, அதற்காக ராத்திரி முழுக்க அழுதேன் என்றும் எழுதியிருந்தாய். இதற்கெல்லாம் அழாதே, கண்ணு. குற்றவியல் எம்.ஏ. படிக்கிறவள் குற்றவாளியைப் பார்த்து அழுதால் பாடம் எப்படி முடியும்?

அண்ணா பிறந்தநாளுக்கு விடப்போகிறவர்கள் பட்டியலில் அவனும் இருக்கிறான், விசாரிக்க நன்னடத்தை அலுவலர் வருவார், கண்டிப்பாக ஆட்சேபணை சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். அவர் போன செவ்வாய்க்கிழமை வந்தார். நான் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோபப்படாமல் மேலே படி.

உன் கடிதம் வந்த இரண்டாம் நாளே சாரங்கபாணி நம் வாசலுக்கு வந்தார். ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டிக் கரையை மாற்றிக்கொள்கிற அந்த மனுஷர் நம் தெருவுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. என்னை அதுவரைக்கும் ‘ஏய்’ என்றும் ‘நீ’ என்றும் கூப்பிட்ட வாய், “ராசம்மா, நீங்க ஒரு ஆட்சேபணை எழுதிக் குடுங்க. அவன் வெளிய வந்தா உங்களுக்குத்தான் ஆபத்து. எனக்கு என்ன இருக்கு, உங்களுக்காகத்தான் சொல்றேன்” என்றது. மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்படியே செய்றேங்க என்று அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு அந்த ‘நீங்க’வை நான் எத்தனை தடவை நினைத்துச் சிரித்தேன் தெரியுமா.

அவருக்கு எதற்கு அந்தப் பயம் என்று உனக்குத் தெரியவேண்டும். குத்தகைப் பதிவில் அப்பா தன் பெயரைச் சேர்த்துவிட்டார் என்பதற்காக வெட்டச் சொன்னது சாரங்கபாணி. வெட்டியது வீரையன். “நீ உள்ள போ, உன் பொண்டாட்டி ராமாயிய நான் பாத்துக்கறேன், உன் மனைக்கட்டோட ரெண்டு மா நிலமும் எழுதித் தர்றேன்” என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவனும் கோர்ட்டில் வாய்க்கால் தகராறு, நான் ஒருத்தன்தான் வெட்டினேன் என்று சொல்லி உள்ளே போனான். போலீஸ் அறிக்கையில் சாரங்கபாணி பெயரை எழுதுங்கள் என்று நான் ஸ்டேஷன் வாசலில் விழுந்து கிடந்தேன், எழுதவில்லை. எழுதுகிற நாற்காலியில் ஒருநாள் என் மகள் உட்காரவேண்டும் என்று அங்கே பிறந்த வைராக்கியம்தான் உன் படிப்பு.

வீரையன் உள்ளே போன மறு வருஷமே ராமாயியை வெளியே தள்ளிக் குடிசையைப் பிரித்துவிட்டு, அந்த மனைக்கட்டில் தென்னங்கன்று வைத்தார். அவள் பட்டுக்கோட்டையில் தேங்காய் மட்டை உரித்துப் பிழைத்துக் காசநோயில் செத்தாள். என் தாலியை அறுத்தவனின் பெண்டாட்டிதான், ஆனாலும் நடவில் என் பக்கத்தில் நின்றவள். சொல்லியனுப்பினாள், போனேன். கடைசி மூச்சில் இவ்வளவையும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள்.

இதையெல்லாம் வீரையனுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா என்ற கேள்வி, சாரங்கபாணி துடைத்த வியர்வையைப் பார்த்த அன்றுதான் எனக்கு வந்தது. மறுநாளே திருச்சிக்குப் பஸ் ஏறி, மனு போட்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவனைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான். ராமாயி எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்றும், வீட்டுக்கு ஓடு போட்டுப் பூட்டி வைத்திருக்கிறோம் என்றும் பண்ணைக் காரியக்காரர் அவனிடம் சொல்லி வைத்திருக்கிறார். அதை நம்பி இத்தனை வருஷம் பரோல் கூடக் கேட்காமல் கிடந்திருக்கிறான். நான் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. “அவ ஓடல வீரையா, மட்டை உரிச்சே செத்தா. உன் அடுப்பு இருந்த எடத்துல நிக்கிற தென்னை நல்லா காய்க்குது. சாரங்கபாணி தெனமும் காலையில தனியா வந்து அதுலதான் எளநி குடிக்கிறாரு” என்றேன். கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த அவன் விரல்களைத்தான் பார்த்துவிட்டு வந்தேன்.

நன்னடத்தை அலுவலர் நல்ல மனுஷர். அவனுக்கு யாரும் இல்லை, வெளியே வந்தால் தங்க ஓர் இடம் காட்டவேண்டும், அதுதான் சிக்கல் என்றார். என் மாட்டுக் கொட்டகை காலியாகத்தான் இருக்கிறது, அங்கேயே தங்கட்டும் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. “உங்க மாதிரி ஒரு மனசை என் சர்வீஸ்ல பாக்கலம்மா” என்று சொல்லி, என் மன்னிப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனார். உங்கள் வகுப்பில் நாளைக்கு அதைப் பாடமாக வைத்தாலும் வைப்பார்கள், நீ வாயைத் திறக்காதே.

வீரையனை மன்னித்துவிட்டேன் என்று நீயும் எண்ணிவிடாதே. உன் அப்பாவை வெட்டிய கை அது. வந்த வழியே அவனும் திரும்பிப் போவான், இந்தத் தடவை எந்தப் பிறந்தநாளுக்கும் விடமாட்டார்கள். கொட்டகையைக் கூட்டி, புதுப் பாய் போட்டிருக்கிறேன். கொல்லுப்பட்டறையில் ஓர் அரிவாளும் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். கூலி வேலைக்குப் போகிறவனுக்கு அரிவாள் இல்லாமல் முடியுமா?

தூண்டிவிடுவதும் குற்றம் என்று நீ லீவில் வந்தபோது சொல்லிக்கொடுத்தாய். நான் யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி ஒருவனுக்குச் சொன்னேன், சர்க்கார் கேட்டதற்கு ஆட்சேபணை இல்லை என்றேன். இதற்கு உன் புத்தகத்தில் ஒரு பெயர் இருந்தாலும் இருக்கும். இருந்தால் உன்னோடு வைத்துக்கொள், எனக்கு எழுதாதே.

பதினைந்தாம் தேதி விடுகிறார்கள். அதற்குப் பிறகு நானாக வரச்சொல்லி எழுதும்வரை நீ ஊருக்கு வரவேண்டாம், தாயி. தந்தி வந்தாலும் வராதே. வகுப்பு, நூலகம், விடுதி என்று எப்போதும் நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் இரு. தலைக்கு எண்ணெய் வை. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படிக்க உட்கார். யார் பெயரையும் விட்டுவிடாமல் எழுதுகிற கை உனக்கு வாய்க்கட்டும்.

உன் நல்லதையே நினைக்கும் அம்மா,
ம. ராசம்மாள்